கரையிலிருந்து கண்ட வானம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



“என் வாழ்நாளில் கண்ட விண்வெளிப் பயணங்கள்” என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது. 22 வயதுப் பெண்ணுக்கு வாழ்நாள் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? இம்மேடையில் ஏற்றியிருக்க வேண்டியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மப்பா. அவர் மறுத்துவிட்டார். “நான் தந்தி கொண்டுபோனவன். அடுத்தவர் சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பழக்கம், சொந்தமாகப் பேசிப் பழக்கமில்லை” என்பது அவர் கூறிய காரணம். ஆகவே அவருடைய வாழ்நாளில் கொஞ்சத்தைக் கடன் வாங்கிக்கொண்டே என்னுடையதைத் தொடங்குகிறேன்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் திகதி ருஷியா ஸ்புட்னிக்கை ஏவியபோது அம்மப்பாவுக்கு எட்டு வயது. அன்று அதனை “செயற்கைச் சந்திரன்” என்றே எல்லோரும் அழைத்தார்கள். பாண்டிருப்புக் கடற்கரையில் பாயை விரித்துக்கொண்டு ஊரார் அதற்காகக் காத்துக் கிடந்தார்களாம். நகரும் வெள்ளியொன்றைக் கண்டதாகச் சிலர் சத்தியம் செய்தார்கள். அம்மப்பா, தாம் காணவில்லை என்பதை இன்றுவரை ஒளிக்காமல் சொல்லுகிறார். 1961ஆம் ஆண்டு ஏப்ரிலில் யூரி ககாரின் 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றிவந்தார். அதே ஆண்டு டிசெம்பரில் அவர் இலங்கைக்கு வந்தபோது பத்திரிகையில் வெளியான படத்தை அம்மப்பா கத்தரித்துத் தம் கணக்குக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டி வைத்தார். அக்கொப்பி 43 வருடங்கள் எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது.

பின்னர் 1969. நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் கால் வைத்தபோது இலங்கையில் ஜூலை 21, திங்கட்கிழமை, காலை ஏறக்குறைய எட்டரை மணி. அம்மப்பா கரையோர ஊரொன்றின் தபாற் கந்தோரில் தந்திச் சேவகராகச் சேர்ந்த புதிது. அங்கிருந்த வானொலிப் பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று அச்செய்தியைக் கேட்டார்கள். இந்தக் கதையின் மிகுதியை அவர் எனக்குச் சொன்னது சென்ற வருடத்து மாரியின்போதுதான். நானும் அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

நான் பிறந்தது 2003 பெப்ரவரியில். அம்மாதம் முதலாந் திகதி கொலம்பியா விண்ணோடம் தரையிறங்குவதற்கு 16 நிமிடங்கள் இருக்கையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே சிதறிப்போயிற்று. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் இந்தியாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. எனக்குக் கல்பனா என்று பெயர் வைக்க வேண்டுமென்று அம்மப்பா ஒற்றைக்காலில் நின்றார். அம்மம்மா விடவில்லை. “ஆகாயத்தில் எரிந்துபோன பிள்ளையின் பெயரை என் பேர்த்திக்கு வைக்காதீர்கள். தரையிலே நன்றாக இருக்கட்டும்” என்றாராம். வீட்டில் எப்போதும் நடப்பதுபோல அம்மம்மாவின் சொல்லே நின்றது.

கொலம்பியாவுக்கு நேர்ந்தது என்னவென்பதை நான் பின்னாளிலே படித்தேன். கிறிஸ்தவ மிஷன் பாடசாலையொன்றில் படித்தவள் நான். காலையில் அங்கே சங்கீதம், மாலையில் வீட்டிலே தேவாரம். இரண்டும் என்னிடம் சண்டையின்றிக் குடியிருந்தன. அப்பாடசாலை நூலகத்தில் தொடங்கிய வாசிப்பு அது. விண்ணோடம் புறப்பட்டு ஒன்றரை நிமிடம் ஆவதற்குள் எரிபொருள் தாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டொன்று அதன் இடது இறக்கையில் மோதியது. மறுநாளே படச்சுருளைப் பார்த்தவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். இறக்கைக்கு என்ன ஆயிற்றென்று அறிய, விண்ணிலே வைத்து அதைப் படம் எடுத்துத் தரும்படி பொறியியலாளர் சிலர் கேட்டார்கள். அக்கோரிக்கை மேலே போகும் வழியிலே நின்றுபோயிற்று. படம் எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது வேறு விவாதம். என் மனத்தில் தைத்தது ஒன்றுதான். கண்டவர்கள் இருந்தார்கள். கண்டது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இனி நான் சொல்லப்போவதை இங்குள்ள பெரியோர் என்னைவிட அறிவார்கள். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26, மார்கழிப் பூரணை, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒரு வயதும் பத்து மாதமும். என் நினைவில் எதுவுமே இல்லை. அம்மாவின் தோளில் நான் தென்னந்தோட்டத்து வேலியைக் கடந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவதாகச் சொல்லித் திரும்பினார். பெட்டகமும் போயிற்று, ககாரின் படம் ஒட்டிய கொப்பியும் போயிற்று. அம்மம்மாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இதை நான் விரித்துரைக்கப் போவதில்லை. இம்மண்டபத்தில் வெறுங்கதிரை இல்லாத குடும்பம் எது?

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கத் தொடங்கிய பிறகே அன்றைய காலையின் மறுபக்கம் எனக்குத் தெரியவந்தது. சுமாத்திராவுக்கு மேற்கே பூமி அதிர்ந்தது நம் கடிகாரப்படி ஏழு மணிக்குச் சற்று முன். அலை ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தோடு, மணிக்கு 700 கிலோமீற்றருக்கும் கூடுதலாக ஓடியது. அதிர்ச்சி நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில், ஜேசன்-1, டொப்பெக்ஸ்-பொசைடன் என்னும் இரண்டு உபகிரகங்கள் இந்து சமுத்திரத்தின் குறுக்கே கடந்து சென்றன. 1,336 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ராடார் துடிப்புகளை அனுப்பிக் கடல்மட்டத்தை அளப்பது அவற்றின் தொழில். அவை அந்த அலையை அளந்தன. நடுக்கடலில் அதன் உயரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர்! என் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். அகலமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அதனாலேதான் அன்று ஆழ்கடலில் நின்ற படகுகளுக்கு எதுவும் தெரியவில்லை. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் அடங்கியது. வேகம் அடங்க, உயரம் எழுந்தது.

சபையோரே, முதன்முறை இதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டை விழுங்கிய கடலை அதே காலையில் ஆகாயத்திலிருந்து ஒரு கண் பார்த்திருக்கிறது! பார்த்து என்ன பயன்? அந்த அளவுகள் தரைக்கு வந்து, பிரித்துப் பார்க்கப்பட மணிக்கணக்காயின. அது அந்த உபகிரகங்களின் குற்றமன்று. அபாயம் அறிவிக்க அவை படைக்கப்படவில்லை. ஹவாயிலிருந்த பசிபிக் நிலையத்தார் நிலநடுக்கம் ஏற்பட்டுக் கால்மணி நேரத்திலே அறிக்கை வெளியிட்டார்கள். ஆனால் அது பசிபிக் கரைகளுக்கான அறிக்கை. நம் சமுத்திரத்துக்கு அப்படியொரு அமைப்பே அன்று இருக்கவில்லை. நம் கரைக்கு யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பதற்கு ஓர் இலக்கம்கூட இருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒருவரை நினைக்க வேண்டும். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உபகிரகங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இந்நாட்டையே இல்லமாகக் கொண்டவர். திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் சுழியோடி, பழைய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டவரும் அவரே. உலகுக்குச் செய்தி அனுப்ப வழி சொன்னவர் வாழ்ந்த தீவுக்குத்தான் அன்று செய்தி வந்து சேரவில்லை. ஹிக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடும் நிலையமும் அந்த அலையிலே அழிந்தது.

2012ஆம் ஆண்டு ஏப்ரில் 11. இது என் சொந்த நினைவு. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்தி, அம்மா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் சுமாத்திராக் கடலில் மீண்டும் ஒரு பெரிய அதிர்ச்சி. 8.6 அளவு. ஆனால் இம்முறை கதை வேறு. முந்திய வருடத்திலிருந்து இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரக் கரைகளுக்கெல்லாம் எச்சரிக்கை கொடுத்து வந்தன. கடலடியில் அமுக்கத்தை அளக்கும் கருவி, மேலே மிதவை, மிதவையிலிருந்து உபகிரகம், உபகிரகத்திலிருந்து நிலையம் என்று வரிசையாகச் செய்தி ஓடும். நிலையத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து வானொலி. எங்கள் ஒழுங்கைக்கு வந்தது கோவில் ஒலிபெருக்கி வழியாக. அதே நேரத்தில் மருதமுனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கேட்டது. இரண்டும் ஒரே சொல்லைச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்: “மேற்கே போங்கள்.”

எண்ணெய்ச் சட்டியை அம்மா இறக்கிய விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அடுப்பை அணைக்கவில்லை. அணைப்பதற்காக ஒருவர் திரும்பியதை அவர் மறந்திருக்க முடியுமா? நற்பிட்டிமுனையில் முன்பின் அறியாத ஒரு முஸ்லிம் வீட்டின் திண்ணையில் இரவு ஒன்பது மணிவரை இருந்தோம். அவ்வீட்டு உம்மா சீனி போட்ட பிளேன்டீயும் பிஸ்கற்றும் தந்து, என் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தார். கடல் சிறிது ஏறி இறங்கியதோடு நின்றுவிட்டது. வீண் ஓட்டம் என்று மறுநாள் சிலர் சலித்துக்கொண்டார்கள். அம்மப்பா மட்டும், “செய்தி வந்து சேர்ந்ததல்லவா?” என்றார். ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

2019ஆம் வருடத்தை நான் எப்படிச் சொல்வேன்? ஏப்ரில் 18ஆம் திகதி விடியற்புறம், இலங்கையின் முதலாவது ஆய்வு உபகிரகமான இராவணா-1 அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையிலிருந்து ரொக்கெட்டில் ஏறிப்போனது. தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்க என்னும் நம் நாட்டு இளம் பொறியியலாளர் இருவர் யப்பானின் கியூஷு தொழினுட்பக் கல்லூரியிலே அமைத்தது. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை. நம் வீட்டுச் சீனிப் போத்தல் அளவு. புட்பக விமானம் மீண்டும் பறந்தது என்று அப்போது எங்கும் பேச்சு. இந்து இளைஞர் நடுவே இதைச் சொல்ல எனக்குச் சற்று அச்சந்தான், என்றாலும் சொல்லுகிறேன். இராவணனின் விமானம் காவியத்தில் பறந்தது. அங்கே அது அழகாகவே பறக்கிறது. இந்தச் சிறு பெட்டியோ இரண்டு பேர் கண்விழித்துச் செய்த பற்றுவைப்பும் கணக்கும். ஒன்றைக் காட்டி மற்றதற்குப் பெருமை தேடினால் இரண்டுக்கும் குறைவு.

அந்தப் பேச்சு மூன்று நாள்தான் நீடித்தது. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மடிந்தவர்களிலே குழந்தைகள் எத்தனை! 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் வெடித்த ஓசை எங்கள் வீட்டுக் கதவுகளை அதிரச் செய்தது. ஊரடங்கு. பாடசாலை பூட்டு. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த மருதமுனைத் தோழியோடு நான் பல வாரம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஜூன் 17ஆம் திகதி அந்தச் சிறு பெட்டி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டுச் சுற்றத் தொடங்கியபோது, இக்கரையில் யாரும் அண்ணாந்து பார்த்ததாக நான் அறியேன். அது தன் காலம் முடிந்து காற்றிலே எரிந்தும் போயிற்று.

அவ்வருடத்து டிசெம்பர் 26, கடற்கோளின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாள். அன்றைக்கே கங்கண சூரிய கிரகணம். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வளையமாகத் தெரிந்தது. நமக்கு மெல்லிய பிறையாக மட்டும். காலை எட்டு மணிக்குப் பின் தொடங்கி ஒன்பதரை தாண்டி உச்சம். நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும் நேரமோ 9.25. கிரகண வேளையில் நினைவுச் சுடர் ஏற்றலாமா கூடாதா என்று கடற்கரையிலே வாக்குவாதம் எழுந்தது. முந்தியே ஏற்றிவிடலாம் என்றார் ஒருவர், மாலைக்குத் தள்ளலாம் என்றார் மற்றவர். இரு பக்கத்தாரும் பக்தியோடுதான் பேசினார்கள். அம்மப்பா எவரோடும் வாதிக்கவில்லை. 9.25க்கு நெருப்புப் பெட்டியை எடுத்துத் தம் சுடரை ஏற்றினார். பிறகு ஒவ்வொருவராக ஏற்றினார்கள்.

அந்த நேரத்தில் என் தோளை யாரோ தொட்டார்கள். மருதமுனைத் தோழி! கையில் ஊசித்துளை இட்ட காட்போட் மட்டை. “சூரியனை நேரே பாராதே, இதில் பார்” என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. ஆனால் மட்டை தேவைப்படவில்லை. கரையிலிருந்த பூவரசு மரத்தின் இலையிடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, மண்ணிலே நூறு நூறு பிறைகளை விழுத்தியிருந்தன. அச்சிறு பிறைகளின் மேலே நாங்கள் எல்லோரும் செருப்பில்லாமல் நின்றோம். அவளும் அந்த அலையில் ஒரு தம்பியை இழந்தவள்.

2023 ஆகஸ்ட் 23ஐப்பற்றி நீங்கள் பத்திரிகைகளில் நிறையப் படித்திருப்பீர்கள். ஆதலால் சுருக்கமாகச் சொல்கிறேன். மாலை 6.04க்குச் சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவப் பக்கத்தில் இறங்கியபோது, சம்மாந்துறையில் எங்கள் பீடத்துக்கு அருகேயுள்ள தேநீர்க் கடையில் ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றிப் பதினைந்து தலைகள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றதும் தமிழ் பேசும் வாய்களிலெல்லாம் ஒரு பெருமை. 2019இல் சந்திரயான்-2இன் இறங்குகலம் விழுந்து நொறுங்கியபோது அதே பெருமைக்காரர் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. பக்கத்தில் நின்ற தோழி கேட்டது அதைவிட நல்ல கேள்வி. “இனிப் பெருநாள் பிறையை அங்கேயிருந்து அறிவிப்பார்களோ?” கடை முழுவதும் சிரித்தது. கடைக்கார நானா மட்டும் சிரிக்காமல், “பிறையைக் கண்ணால் கண்டவர் வந்து சொல்ல வேணும், தங்கச்சி. அதுதான் முறை” என்றார்.

கண்டவர் வந்து சொல்ல வேணும். இந்த வார்த்தை சென்ற வருடம் நவம்பரிலே எனக்குத் திரும்ப வந்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் சுழன்றதை உபகிரகப் படத்தில் மூன்று நாள் முன்பே பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் அந்த வெள்ளைச் சுழி இருந்தது. படம் அழகாக இருக்கிறதென்று நான் தோழிகளுக்கு அனுப்பியும் வைத்தேன். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாலை, நான் பீடத்துக்குப் போய்வரும் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டியது. வீடு திரும்பிக்கொண்டிருந்த சிறுவர்கள். அவர்களுட் சிலர் வீடு சேரவில்லை. எனக்கு அவர்களில் எவரையும் தெரியாது. எவரையும் குறை சொல்ல நான் தகுதியுடையவளும் அல்லள். 36,000 கிலோமீற்றர் கடந்து என் உள்ளங்கைக்கு வந்த செய்தியை வைத்து நான் செய்தது என்ன என்பதே என் கேள்வி. அழகாயிருக்கிறது என்று அனுப்பினேன்.

அன்றிரவு மின்சாரம் இல்லை. விளக்கடியில் அம்மப்பா 1969இன் மிகுதிக் கதையைச் சொன்னார். அவருடைய அனுமதியோடே இங்கே சொல்லுகிறேன். அன்று காலை அவருடைய பையில் நான்கு தந்திகள் இருந்தன. சந்திரனில் மனிதன் இறங்குவதைக் கேட்டுவிட்டுப் போகலாமென்று நின்றார். ஒருமணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டார். நான்கில் ஒன்று மரணச் செய்தி. அதைப் பெற்ற பெண் கைக்குழந்தையோடு வீதிக்கு ஓடியபோது காலை பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போனார். தகப்பனாரைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பெண் ஒருநாளும் அவரைக் குறை கூறியதில்லை. தந்தி எப்போது கந்தோருக்கு வந்ததென்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் அம்மப்பா ஒருவரே. முப்பத்தைந்து வருடம் சைக்கிள் மிதித்தவர், அதன்பிறகு ஒரு தந்தியைக்கூட அரைமணி நேரம் வைத்திருந்ததில்லை. அப்போலோ பற்றிய பேச்சு வந்தால் அவர் ஏன் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார் என்பது அன்றே எனக்கு விளங்கியது.

தலைவர் அவர்களே, எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. ஒரு சிறு விண்ணப்பம் மட்டும். திரௌபதை அம்மன் கோவில் வீதியிலிருந்து கடற்கரைவரை உள்ள வீடுகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை நானும் தோழியும் எழுதியிருக்கிறோம். காது கேளாத முதியோர், தனித்து வாழ்வோர், தொலைபேசி இல்லாதோர், படுக்கையில் கிடப்போர் என்று குறித்திருக்கிறோம். மருதமுனைப் பக்கத்துப் பட்டியலை அவள் வைத்திருக்கிறாள். மழை இறுகும் இரவில் யார் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற நிரல் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் இருக்கிறது. முதல் மூன்று வீடுகளுக்கு நேரே அம்மப்பா இன்று காலை தம் பெயரை எழுதிவிட்டார். அவருடைய சைக்கிளுக்குப் பின்சில்லு மாற்றவேண்டும். அதைச் செயலாளர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.